செட் என்றால் வை

ஊருக்கு ஒரு முட்டாள் போதும் என்றுதான் படைத்தவன் கணக்குப் போட்டிருப்பான். புளியறுத்தான்பட்டிக்கு வரும்போது மட்டும் கை தவறி நாலு பேராகக் கொட்டிவிட்டது. கொட்டியதை அள்ள முடியுமா? ஊர்க்காரர்களும் சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

நாலு பேரும் சேர்ந்து ஒரு மைக் செட் வைத்திருந்தார்கள். கோயில் கொடை, காதுகுத்து, கட்சிக் கூட்டம் எதுவானாலும் அவர்கள்தான். "சத்தத்தைக் கொஞ்சம் கூட்டுங்கப்பா" என்று யாராவது சொன்னால், ஒருவர் துடைப்பத்தை எடுத்துவந்து ஸ்பீக்கரைச் சுற்றிக் கூட்டிவிட்டுப் போவார். எனக்கு அவர்கள்மேல் கோபமே வந்ததில்லை. சொன்னதைச் சொன்னபடி கேட்கிற ஆட்கள் இந்தக் காலத்தில் எங்கே கிடைக்கிறார்கள்?

மூத்தவர் சீனிச்சாமி. பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பரீட்சையை அந்த ஊரிலேயே அதிகத் தடவை எழுதியவர் அவர்தான். மற்றவர்கள் எல்லாம் ஒரே தடவையில் தேறி, பிறகு அந்தப் பக்கமே போகாமல் இருந்துவிட்டதால், ஆங்கிலத்தில் அனுபவம் உள்ளவர் என்று அவரைத்தான் சொல்ல வேண்டும். அடுத்தவர் சொரிமுத்து, அதற்கடுத்து வெயிலுகந்தான். கடைக்குட்டி ஆவுடை. கடைக்குட்டி என்றாலும் முன்னந்தலையில் முடி விடைபெற்றுக்கொண்டிருந்த வயது. கல்யாணம் ஆகவில்லை.

ஆவுடைக்குக் கல்யாணம் ஆகாததற்கு ஆவுடை மட்டும் காரணமில்லை. பெண் பார்க்கப் போகும்போது மற்ற மூவரும் கூடப் போவார்கள். ஒரு வீட்டில், "கையை நனைச்சுட்டுத்தான் போகணும்" என்று அன்பாகச் சொன்னார்கள். நாலு பேரும் கொல்லைப்புறம் போய்க் கையை நனைத்துவிட்டு, போட்ட இலையைத் தாண்டி நேரே பஸ் ஏறிவிட்டார்கள். இன்னொரு வீட்டில், "யோசிச்சுச் சொல்லுதோம்" என்றார்கள். யோசித்து முடிக்கட்டும் என்று அங்கேயே பாயை விரித்துப் படுத்து, அந்த வீட்டார் அரிவாளைத் தேடும்வரை காத்திருந்தார்கள். சுற்றுவட்டாரத்தில் இனி பெண் கேட்க வீடே இல்லை என்கிற நிலைமை வந்தது. இரவில் ஸ்பீக்கர்களைத் துடைத்து அடுக்கும்போது ஆவுடையின் முகத்தைப் பார்த்தால் கல்லும் இரங்கும்.

அப்போதுதான் வாகைக்குளம் பக்கத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பெண்ணின் பெயர் முத்துப்பேச்சி, தையல்காரி. அப்பா பூதத்தான், பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டாரே தவிர, பேச்சில் 'ரைட்டு', 'போலாம்', 'செட்' எதையும் இறக்கிவைக்கவில்லை.

பெண் பார்க்கும் அன்றைக்கு ஆச்சரியமாக ஒன்றும் கெட்டுப்போகவில்லை. ஆவுடை அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஊசி குத்தினால் ரொம்ப வலிக்குமா என்று கேட்டான். இதுவரை வந்தவர்கள் ஒரு நாளைக்கு எத்தனை ஜாக்கெட் தைப்பாய் என்றுதான் கேட்டிருந்தார்கள். முத்துப்பேச்சி உள்ளே போய், இன்னொரு தம்ளர் காபி கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். வீட்டுக்காரர்களுக்கு அது புரிந்தது. ஆவுடைக்குக் காபி மட்டும் புரிந்தது.

வழியனுப்ப பஸ் நிறுத்தம்வரை வந்த கண்டக்டர் சொன்னார்: "எங்க பக்கம் எல்லாம் செட். வியாழக்கிழம நிச்சயம். அதுக்குள்ள உங்க பக்கமும் செட் பண்ணிட்டு வந்துருங்க. இல்லன்னா சரிப்பட்டு வராது, பாத்துக்கிடுங்க."

ஊர் வந்து இறங்கியதும் சொரிமுத்துதான் முதலில் பேசினார்.

"அண்ணாச்சி, அவருகிட்டயும் மைக் செட் இருக்கும் போலயே. எங்க பக்கம் செட்டுன்னு சொன்னாரே."

"நானும் வீடு பூரா பாத்தேன். ஒரு குழாய் ஸ்பீக்கர்கூடக் கண்ணுல படல" என்றான் வெயிலுகந்தான்.

"மைக் செட்டா இருந்தா 'கட்டிட்டு வாங்க'ன்னு சொல்லிருப்பாரு" என்றார் சீனிச்சாமி. "'பண்ணிட்டு வாங்க'ன்னுலா சொன்னாரு. இது வேற செட்டு. புஸ்தகத்தைப் பாக்காம விடக்கூடாது."

சீனிச்சாமியிடம் ஓர் ஆங்கில அகராதி இருந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே தமிழில் பொருள் போட்டது. அட்டை போய், முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் போய், நடுப்பகுதி மட்டும் திடமாக இருந்தது. செட் நடுப்பகுதியில்தான் இருந்தது. பக்கத்தைத் திறந்த சீனிச்சாமி அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஒரே ஒரு சொல், மூன்றே எழுத்து, பொருளோ பக்கம் பக்கமாக ஓடியது. வை. அமை. பொருத்து. உறையச் செய். இறுகு. சூரியன் மறை. கோழியை அடை வை. முறிந்த எலும்பைப் பொருத்து. இன்னும் போய்க்கொண்டே இருந்தது.

"வெள்ளக்காரன் சரியான கஞ்சன்லே" என்றார் சீனிச்சாமி. "ஒரு சொல்ல வாங்கிப் போட்டுட்டு, வீட்டு வேல பூராத்தையும் அது தலையிலயே கட்டிருக்கான்."

"இதுல எதைச் செய்யச் சொன்னாரு அண்ணாச்சி?" என்று கேட்டான் ஆவுடை. "ஒண்ணைச் செஞ்சு ஒண்ணை விட்டுட்டோம்னா பிள்ளையத் தர மாட்டாரே."

"அதுக்கு ஏன் கலங்குத? முடிஞ்ச மட்டும் எல்லாத்தையும் செஞ்சிருவோம்."

சூரியன் சாயங்காலம் தானாகவே மறைந்துகொண்டது. தயிர் உறைய வைப்பதிலும் சிக்கல் இல்லை. ஒரு சட்டி உறைக்கு ஊற்றினார்கள். கோழி அடை வைப்பதில்தான் முதல் தடங்கல். ஊரில் எந்தக் கோழியும் அந்த வாரம் அடைக்கு உட்காரத் தயாராக இல்லை. கடைசியில், உட்காருவதுதானே வேலை, அதற்குக் கோழி எதற்கு என்று சொரிமுத்து முட்டைகளைப் பழைய வேட்டியில் பொதிந்து மேலே உட்கார்ந்துகொண்டார். சாப்பாடு இருந்த இடத்துக்கே போனது. முட்டை பொரிப்பது இவ்வளவு நிம்மதியான தொழில் என்று தெரிந்திருந்தால் மைக் செட்டுக்கே வந்திருக்க மாட்டேன் என்றார்.

எலும்பு விஷயம் வந்தபோது எல்லோரும் எல்லோருடைய கையையும் பார்த்தார்கள். பொருத்துவதென்றால் முறிந்திருக்க வேண்டும். யார் எலும்பை முறிப்பது என்று வெகுநேரம் பேசினார்கள். பிறகு வெயிலுகந்தான், முறிவதற்கு முன்னாலேயே கட்டுப் போட்டுவிட்டால் வலி மிச்சம் என்று ஒரு யோசனை சொன்னான். எல்லோரும் அவனை மெச்சினார்கள். வைத்தியர் எவ்வளவு சொல்லியும் கேளாமல், நல்ல கைக்கு மூங்கில் பத்தை வைத்துக் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தான்.

மிஞ்சியது அகராதியில் முதலில் நின்ற பொருள். வை.

"வைன்னா, எதை வைக்கது? எங்க வைக்கது?" என்று கேட்டார் முட்டைமேல் இருந்த சொரிமுத்து.

சீனிச்சாமி அன்று முழுக்கச் சோறு தின்னாமல் யோசித்தார். சாயங்காலம் முகம் தெளிந்து வந்து உட்கார்ந்தார்.

"வைக்கதுன்னா எதை வைக்கணும்னு சொல்லிருப்பாவல்லா? ஒண்ணும் சொல்லல. அப்ப இது வைக்க இல்லலே, வைய. நம்ம ஊர்ல வையுததுன்னா என்ன? ஏசுதது. மெட்ராஸ்காரன் திட்டுததுன்னு சொல்லுவான். எல்லாம் ஒண்ணுதான்."

மற்றவர்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"பொண்ணு குடுக்கவரைப் போய் எப்படி அண்ணாச்சி வைய?" என்றான் ஆவுடை.

"அவரு என்ன சொன்னாரு? எங்க பக்கம் எல்லாம் செட், உங்க பக்கமும் செட் பண்ணுங்கன்னாரு. அதாவது, அவுக நம்மள வஞ்சு முடிச்சிட்டாவ. இனி நாமதான் பாக்கி."

"எப்ப வஞ்சாவ? காபில்லா குடுத்தாவ."

"நாம பஸ் ஏறுன பெறகு வஞ்சிருப்பாவ."

இதில் சீனிச்சாமி சொன்னது உண்மைதான் என்பதை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். பஸ் திரும்பியதும் கண்டக்டர் நாலு பேரையும் நன்றாகவே வைதிருந்தார். முட்டாள்களின் கணக்கு தப்பாகப் போனாலும் விடை சில சமயம் சரியாக வந்துவிடும்.

வையலாம் என்று முடிவானது. ஆனால் பெரிய மனிதர், சம்பந்தி ஆகப்போகிறவர், மரியாதை குறையாமல் வைய வேண்டும் என்று ஆவுடை கெஞ்சிக் கேட்டுக்கொண்டான். அதற்கு எல்லோரும் சம்மதித்தார்கள்.

வியாழக்கிழமை கண்டக்டர் வீட்டு வாசலில் பந்தல் போட்டு, உறவுக்காரர்கள் கூடியிருந்தார்கள். சீனிச்சாமி தயிர்ச் சட்டியோடும் மைக்கோடும் வந்தார். வெயிலுகந்தான் கட்டுப் போட்ட கையோடு வந்தான். சொரிமுத்து இடுப்பைச் சுற்றி மூட்டை கட்டிக்கொண்டு பிள்ளைத்தாய்ச்சி மாதிரி பார்த்துப் பார்த்து நடந்து, நாற்காலியில் இம்மி இம்மியாக உட்கார்ந்தார். கண்டக்டர் எல்லாவற்றையும் பார்த்தார். நல்ல நாளில் கேள்வி கேட்க வேண்டாம் என்று நினைத்து ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"என்ன, உங்க பக்கம் செட்டா?"

"இந்தா ஆயிரும்" என்று சொல்லி, சீனிச்சாமி மைக்கைத் தட்டிப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். ஊர் முழுக்கக் கேட்கும்படி ஆரம்பித்தார்.

"பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய எருமை மாட்டு அண்ணாச்சி அவர்களே. தாங்கள் ஒரு வெட்டிப்பய என்பதை இந்தச் சபையில் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறோம். தங்கள் மூஞ்சி சட்டியில் தீஞ்ச கத்தரிக்காய் போல் விளங்குகிறது. தங்கள் வாயைத் திறந்தால் ஊர்ல ஒரு பய நிம்மதியா இருக்க முடியல என்பதையும் தாழ்மையோடு கூறி அமர்கிறோம். வணக்கம்."

கண்டக்டரின் முகம் சொன்ன கத்தரிக்காயாகவே மாறிக்கொண்டிருந்தது. கல்யாணமும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது, எல்லாரும் எழுந்திருங்கள் என்று கத்தினார். ஆவுடையும் வெயிலுகந்தானும் எழுந்தார்கள். சொரிமுத்து மட்டும் எழவில்லை. இன்னும் பொரிக்கவில்லை, பாதியில் எழுந்தால் பாவம் என்று மெதுவாகச் சொன்னார்.

ஆவுடை பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். இதுவும் போயிற்று என்று தெரிந்துவிட்டது அவனுக்கு. இந்த முறை அவனுக்குத் துக்கம் வேறு மாதிரி இருந்தது. மற்ற இடங்களில் கல்யாணம்தான் போயிற்று, இங்கே முத்துப்பேச்சி போகிறாள் என்று நினைத்ததும் கண் கலங்கி நின்றுவிட்டான்.

அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து கண்டக்டரின் சம்சாரம் சண்முகவடிவு ஒரு செம்புத் தண்ணீரோடு வந்தாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவரிடம் வசவு வாங்கியவள் அவள். நேரே சீனிச்சாமியிடம் போய் நீட்டினாள்.

"தொண்ட காஞ்சிருக்கும் அண்ணே, குடிங்க. குடிச்சிட்டு மிச்சம் இருந்தா அதையும் சொல்லிருங்க. நான் நின்னு கேக்கேன்."

உறவுக்காரர்களுக்குள் முதலில் ஒரு செருமல், பிறகு ஒரு கமறல். அப்புறம் பந்தலே குலுங்கியது. கண்டக்டர் பஸ்ஸில் வராத உறவுக்காரர் யாரும் அங்கே இல்லை. அவரிடம் வசவு வாங்காமல் இறங்கியவரும் இல்லை. எல்லோருடைய பங்கையும் யாரோ ஒருவர் மைக் போட்டுச் சொல்லிக் கொடுத்தது மாதிரி இருந்தது.

சிரிப்பு அடங்குவதற்குள் முத்துப்பேச்சி ஆவுடையின் அருகே வந்து கேட்டாள்.

"நீங்க ஏன் எங்க அப்பாவை வையல?"

"எனக்கு வையத் தெரியாது" என்றான் ஆவுடை. "அண்ணாச்சி வைய வைய, நான் உள்ளுக்குள்ள மன்னிப்புக் கேட்டுக்கிட்டே வந்தேன். கடைசில அவரு வேகமாப் பேசிட்டாரு. கத்தரிக்காய்க்குப் பெறகு நான் பிந்திட்டேன்."

முத்துப்பேச்சி அப்பாவிடம் திரும்பி, கட்டினால் இவரைத்தான் கட்டுவேன் என்று சொல்லிவிட்டாள். கண்டக்டர் மனைவியைப் பார்த்தார். அவள் இன்னும் செம்போடு நின்றுகொண்டிருந்தாள். சீனிச்சாமி தண்ணீர் குடித்துத் தெம்பாக இருந்தார். கண்டக்டர் உட்கார்ந்துவிட்டார்.

ஆவணி பத்தாம் தேதி முகூர்த்தம் என்றும், மாப்பிள்ளை வீட்டிலேயே தாலி கட்டுவதென்றும் பேசி முடித்தார்கள். வசவு எதனால் வந்தது என்று கேட்டுத் தெரிந்துகொண்டபின், செட் என்ற சொல்லை இனி தன் வாழ்நாளில் வாயில் எடுப்பதில்லை என்று கண்டக்டர் முடிவு செய்திருந்தார். அதே பொருளுக்கு வேறொரு சொல் இருக்கும்போது இந்தச் சனியன் எதற்கு என்று அவருக்குத் தோன்றியது பாருங்கள், அங்கேதான் விதி சிரித்தது.

"பந்தல், சமையல், தாலி எல்லாம் நான் பாத்துக்கிடுதேன். நீங்க ஒண்ணையும் தொடாதீங்க. தேதியை மட்டும் மாத்தாம ஃபிக்ஸ் பண்ணிக்கிடுங்க, போதும்."

ஊருக்கு வந்ததும் அகராதியைப் பிரித்தார்கள். இதுவும் நடுப்பகுதிதான். ஃபிக்ஸ் என்றால் ஒட்டு, அசையாமல் நிலைநிறுத்து என்று போட்டிருந்தது. இந்த வெள்ளைக்காரன் பரவாயில்லை, சுருக்கமாகச் சொல்லியிருக்கிறான் என்று எல்லோருக்கும் சந்தோஷம்.

தேதியை ஒட்ட வேண்டும், அசையக் கூடாது. அசைந்தால் கல்யாணம் தள்ளிப்போய்விடும், அதற்குத்தான் மனிதர் இவ்வளவு அழுத்திச் சொல்லியிருக்கிறார் என்று பேசிக்கொண்டார்கள். எந்தத் தேதியை ஒட்டுவது என்பதில் கொஞ்சம் வாதம் நடந்தது. ஆவணி பத்தை ஒட்டலாம் என்றான் ஆவுடை. இன்னும் வராத தேதியை எப்படிப் பிடித்து ஒட்டுவது, கைக்கு அகப்பட்டதைத்தான் ஒட்ட முடியும் என்றார் சீனிச்சாமி. நியாயம்தான். தச்சு ஆசாரியிடம் கெஞ்சி, மரம் ஒட்டுகிற வச்சிரம் வாங்கிக் காய்ச்சி எடுப்பதற்குள் ஆனி முடிந்து ஆடி மூன்று ஆகிவிட்டது. ஆவுடை வீட்டுச் சுவரில் தொங்கிய நாள்காட்டியின் தாள் ஒவ்வொன்றுக்கும் நடுவே வச்சிரத்தைத் தடவி, முழுவதையும் சுவரோடு அறைந்து ஒட்டினார்கள். நாலு பேரும் மாறி மாறி அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

அப்புறம் ஒரு கவலையும் இல்லை. காலையில் எழுந்ததும் ஆவுடை போய்ப் பார்ப்பான். ஆடி மூன்று. தேதி அசையவில்லை என்று தெரிந்ததும் நிம்மதியாகப் பல் தேய்க்கப் போவான். ஆடியில் சம்பந்தி வீட்டார் போக்குவரத்து வேண்டாம் என்று கண்டக்டரும் அந்தப் பக்கம் வரவில்லை.

ஆவணி பத்து வந்தது. விடிந்தும் விடியாமலும் கண்டக்டர் வேனில் ஆட்களோடும் பந்தல் சாமான்களோடும் சமையல் பாத்திரங்களோடும் நாதஸ்வரத்தோடும் வந்து இறங்கினார். மாப்பிள்ளை கைலி கட்டிக்கொண்டு பழைய சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"என்ன மாமா, இவ்வளவு சீக்கிரம் வந்துட்டிய? கல்யாணத்துக்கு இன்னும் நாள் கெடக்கே" என்றான், சட்டியை விட்டு எழுந்து.

கண்டக்டர் சுவரைப் பார்த்தார். பிறகு போய்த் தாளைக் கிழிக்கப் பார்த்தார். நகம்தான் பெயர்ந்தது. கத்தியை விட்டு நெம்பினார். சுவர்க்காரை உதிர்ந்ததே தவிர, ஆடி மூன்று அப்படியே இருந்தது. முகூர்த்த நேரம் போய்க்கொண்டிருந்தது. ஆடி மாதத்தில் தாலி கட்டுகிற பழக்கம் எங்கள் ஊரில் இல்லை என்று சீனிச்சாமி ஒரே பிடியாக நின்றார். ஆவுடைக்கும் அழுகை வந்துவிட்டது. அவனுக்கு இன்றைக்கே கட்டிக்கொள்ள ஆசைதான், தேதி அல்லவா இடம் கொடுக்கவில்லை?

மணப்பெண் கோலத்தில் வேனிலிருந்து இறங்கிவந்த முத்துப்பேச்சி, கொஞ்ச நேரம் நாலு பேரையும் பார்த்துக்கொண்டு நின்றாள். இவர்களிடம் எப்படிப் பேச வேண்டும் என்று அவளுக்குப் பிடிபட்டுவிட்டது.

"பக்கத்து வீட்டுல இன்னைக்கு என்ன தேதின்னு போய்ப் பாத்துட்டு வாங்க" என்றாள்.

வெயிலுகந்தான் ஓடினான். திரும்பி வரும்போது அவனுக்கு மூச்சு வாங்கியது.

"அண்ணாச்சி, அங்க ஆவணி பத்து நடக்கு. நமக்குத் தெரியாம அவுக பாட்டுக்கு முன்னால போயிருக்காவ."

பிறகென்ன? பந்தல் பக்கத்து வீட்டு வாசலுக்குப் பெயர்ந்தது. அந்த வீட்டுக்காரர் முழித்துக்கொண்டு நிற்கும்போதே அவர் வீட்டில் நாதஸ்வரம் ஒலித்தது. ஆவுடை முத்துப்பேச்சியின் கழுத்தில் தாலி கட்டினான். மூன்று முடிச்சையும் யார் யோசனையும் கேளாமல் அவனே போட்டான். கண்டக்டர்கூட ஓரமாகத் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பொண்ணும் மாப்பிள்ளையும் சொந்த வீட்டுக்குள் நுழையும் நேரம் வந்தது. ஆரத்தி எடுத்தாயிற்று. முத்துப்பேச்சி வலது காலைத் தூக்கி வாசற்படியில் வைக்கப்போனாள். சீனிச்சாமி குறுக்கே கையை நீட்டினார்.

"கோவிச்சுக்கிடாத தாயி. நீ இப்ப புதுப்பொண்ணு. இந்த வீட்டுக்குள்ள ஆடி மாசம் நடக்கு. ஆடியில புதுப்பொண்ணு மாப்பிள்ள வீட்டுல இருக்கக் கூடாது. உங்க அம்மா வீட்டுக்குப் போயிட்டு, ஆவணி பொறந்ததும் வா."

சொரிமுத்தும் வெயிலுகந்தானும், அதுதான் முறை என்று தலையாட்டினார்கள். ஆவுடை படியில் ஒரு காலும் தெருவில் ஒரு காலுமாக நின்றுகொண்டு, யாராவது நல்ல பதில் சொல்ல மாட்டார்களா என்று ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தான். கண்டக்டர் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டார்.

முத்துப்பேச்சி தூக்கிய காலைக் கீழே வைத்தாள்.

"இந்த வீட்டுல ஆவணி எப்பம் பொறக்கும் அண்ணாச்சி?"

சீனிச்சாமி உள்ளே போனார். நாள்காட்டியின் நாலு மூலையையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். ஒரு குத்துகூடக் குத்திப் பார்த்தார். முகமெல்லாம் பெருமையோடு வாசலுக்கு வந்தார்.

"பொறக்காதும்மா. நல்லா செட் ஆயிட்டு."